பழைய ஐ3 லேப்டாப்: எஸ்எஸ்டி போட்டு ஓட்டலாமா, புதிதே வாங்கிவிடலாமா?

கரிசல்பையன்
வணக்கம் நண்பர்களே. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், இரண்டாம் ஆண்டு. அண்ணன் காலேஜ் படிக்கும்போது 2016-இல் வாங்கிய லேப்டாப்தான் இப்போது என்னிடம் இருக்கிறது. ஐ3-5005யூ, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் பண்ணிவிட்டுப் போய்ப் பல் தேய்த்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். விஎஸ் கோடும் குரோமில் நாலு டேபும் சேர்ந்தால் மவுஸ்கூட நகராது. பேட்டரி முக்கால் மணி நேரம் வந்தால் பெரிய விஷயம்.

ஊரில் ஒரு கடையில் காட்டினேன். மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பழைய போர்டு தம்பி, இதில் காசு போடாதே, எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கிறேன்" என்று 58,000-க்கு ஒன்றைக் காட்டினார். அப்பா ஏலச்சீட்டை இந்த மாதமே எடுத்து வாங்கித் தருகிறேன் என்கிறார். இப்போதே எடுத்தால் தள்ளு எவ்வளவு போகும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் யோசனை. அடுத்த செமஸ்டரில் ஆண்ட்ராய்டு லேப், மூன்றாம் ஆண்டில் மெஷின் லேர்னிங். வீட்டில் தங்கை வேறு பிளஸ் ஒன் படிக்கிறாள், அவளுக்கும் ஒன்று தேவைப்படும். ஒரு லேப்டாப்பை எப்போது மாற்ற வேண்டும் என்று எதை வைத்து முடிவு செய்வது?

டர்போதம்பி
கேள்வியே இல்லை ப்ரோ. 5-ஆம் தலைமுறை ஐ3 எல்லாம் மியூசியத்தில் இருக்க வேண்டியது. விண்டோஸ் 11 ஏறாது, 4 ஜிபி ராமில் குரோம் மட்டும்தான் ஓடும். 16 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டு போட்டதாகப் பார்த்து எடுத்தால் நாலு வருஷம் நிம்மதி. கேமும் ஆடலாம்.

சோல்டர்மணி
டர்போதம்பி, அது அவருடைய அப்பாவின் சீட்டுப் பணம், கொஞ்சம் பொறுங்கள்.

கரிசல், நான் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஜூன் ஜூலை வந்தாலே உங்களைப் போல ஒரு நாளைக்கு நாலு பேர் வருவார்கள். எல்லாரும் சொல்வது ஒரே வார்த்தை: "ஸ்லோவாக இருக்கிறது." எது ஸ்லோ என்று கேட்டால் பதில் இருக்காது. நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். வழக்கமாக எதைத் திறந்தால் திணறுமோ அதையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரில் சிபியூ, மெமரி, டிஸ்க் மூன்றும் எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஆன் ஆனதும் பார்க்க வேண்டாம், அப்போது எல்லாமே ஓடிக்கொண்டிருக்கும், பத்து நிமிஷம் விட்டுப் பாருங்கள். அப்படியே பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொட்டால் கீழே ராம் ஸ்லாட் இரண்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும், அதையும் சொல்லுங்கள். அதுவரை எதையும் வாங்காதீர்கள், என் கடையில்கூட.

கரிசல்பையன்
பார்த்தேன் அண்ணா. விஎஸ் கோடு, குரோம், பின்னால் ஒரு யூடியூப் பாட்டு. சிபியூ 25-க்கும் 40-க்கும் நடுவில் ஆடுகிறது. மெமரி 88. டிஸ்க் 100-ஐ விட்டு இறங்கவே இல்லை, பாட்டை நிறுத்திய பிறகும் 100-தான். ஸ்லாட் இரண்டில் ஒன்று காலி.

சோல்டர்மணி
சரி, பாதி விடை வந்துவிட்டது. உங்கள் ஐ3 சும்மா உட்கார்ந்திருக்கிறது, டிஸ்க்கிலிருந்து வர வேண்டியது வந்து சேராமல் காத்துக்கொண்டிருக்கிறது. உங்களுடையது பெரும்பாலும் 5400 சுற்று ஹார்டு டிஸ்க்காக இருக்கும். ஒரே பெரிய பைலை நேராகப் படித்தால் நொடிக்கு 100 எம்பி கிட்டத்தட்ட தரும். ஆனால் விண்டோஸ் அப்படிப் படிப்பதில்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பைல்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கும், ஒவ்வொன்றுக்கும் அந்த முள் நகர்ந்து போய் எடுக்க வேண்டும், அப்போது வேகம் 1 எம்பிக்குக் கீழேகூட இறங்கும். இதோடு 4 ஜிபி ராம் நிரம்பியதும் மிச்சத்தை விண்டோஸ் டிஸ்க்கில்தான் எழுதி வைக்கும். ஏற்கெனவே மூச்சு வாங்குகிற டிஸ்க்கின் மேல் இன்னொரு மூட்டை. இரண்டு கோளாறும் ஒன்றையொன்று வளர்த்துவிடுகின்றன, பழியெல்லாம் பாவம் ப்ராசஸர் மேல்.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போட்டால் அதே கனெக்டரில் நொடிக்கு 500 எம்பிக்கு மேல் வரும். அதைவிட முக்கியம், அதில் நகர வேண்டிய முள் கிடையாது. ராம் வாங்கும்போது மட்டும் கவனம்: உங்களுக்கு டிடிஆர்3எல் வேண்டும், கடைசியில் அந்த 'எல்' இருக்க வேண்டும், அதாவது 1.35 வோல்ட். கடையில் சாதா டிடிஆர்3, 1.5 வோல்ட் குச்சியை எடுத்துக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் ஆனே ஆகாது. ஸ்டிக்கரில் 'பிசி3எல்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எஸ்எஸ்டி போடுவதற்கு முன் பழைய டிஸ்க்கின் உடம்பையும் பார்த்துவிடுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் நீலத்துக்குப் பதில் மஞ்சளோ சிவப்போ காட்டினால் அன்றைக்கே போட்டோ, ப்ராஜெக்ட், ரெக்கார்டு நோட்டு ஸ்கேன் எல்லாவற்றையும் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். ஸ்லோவாகும் டிஸ்க்குகளில் பல, சாகிற டிஸ்க்குகள்.

டர்போதம்பி
அண்ணா, நீங்கள் சொல்வது சரி, ஆனால் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 14 அக்டோபர் 2025-ஓடு கடையை மூடிவிட்டது. செக்யூரிட்டி அப்டேட் இல்லாத மெஷினில் எஸ்எஸ்டிக்கும் ராமுக்கும் ஆறாயிரம் போட்டு என்ன பிரயோஜனம்? விண்டோஸ் 11-க்கு இன்டெலில் 8-ஆம் தலைமுறை வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இவருக்கு இரண்டுமே இருக்காது. அப்புறம் ராம் விலை. ஏஐ டேட்டா சென்டர்காரர்கள் மெமரியை எல்லாம் அள்ளிக்கொண்டு போகிறார்கள், மெமரி தயாரிக்கும் மைக்ரான் 2025 டிசம்பரில், நம்மைப் போன்றவர்களுக்கு ராமும் எஸ்எஸ்டியும் விற்ற குரூஷல் பிராண்டையே விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டது. லேப்டாப் விலை இனி ஏறும், இறங்காது. இப்போது வாங்காவிட்டால் அடுத்த வருஷம் இதே மெஷினுக்குக் கூடக் கொடுப்பீர்கள்.

சோல்டர்மணி
விண்டோஸ் 10 விஷயம் நியாயமான கேள்வி. அதற்கு வழி இருக்கிறது. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டை 13 அக்டோபர் 2026 வரை தருகிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் பண்ணச் சம்மதித்தால் காசு கிடையாது. அதற்குப் பிறகு விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டுவிடலாம், 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இருந்தால் நன்றாகவே ஓடும். கம்ப்யூட்டர் சயின்ஸ் பையன் லினக்ஸ் பழகுவது நஷ்டமா என்ன? சிலர் ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து விதியைத் தாண்டி விண்டோஸ் 11 ஏற்றிக்கொள்கிறார்கள். ஏறும், ஓடும், ஆனால் அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தராது, வருஷா வருஷம் வரும் பெரிய அப்டேட்டைக் கையால்தான் போட வேண்டியிருக்கும். வாடிக்கையாளருக்கு நான் அப்படிப் போட்டுத் தருவதில்லை.

விலை ஏறுகிறது என்பது உண்மைதான். அதற்காகத் தேவை வராத பொருளை வாங்கிவிட முடியுமா?

ஈசிஇ_அக்கா
படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டேன், அதனால் நாலு வருஷத்தின் கடைசியிலிருந்து பார்த்துச் சொல்கிறேன்.

தம்பி, நீ கேட்ட கேள்வியில் "எப்போது" என்பதுதான் முக்கியம், ஆனால் இங்கே எல்லாரும் "எது" என்றே பேசுகிறார்கள். முதல் வருஷம் சேரும்போதே புது லேப்டாப் வாங்கியவர்களைக் கவனித்துப் பார். வாரன்டி பெரும்பாலும் ஒரு வருஷம். முதல் இரண்டு செமஸ்டரில் கணக்கும் இயற்பியலும் ஆங்கிலமும்தான், அதிகபட்சம் சி அல்லது பைத்தான், அதை எதில் வேண்டுமானாலும் எழுதலாம். உண்மையிலேயே பலமான மெஷின் தேவைப்படுவது ஆறாவது செமஸ்டருக்குப் பிறகு: ப்ளேஸ்மென்ட் டெஸ்ட், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், இன்டர்ன்ஷிப். அந்த நேரத்தில்தான் வாரன்டி முடிந்து, பேட்டரி பாதியாகி, ஹிஞ்ச் ஆட ஆரம்பித்திருக்கும். என் பேட்ச்சில் ப்ளேஸ்மென்ட் டெஸ்ட்டுக்கு லேப்டாப் கடன் கேட்டு அலைந்தவர்களில் முதல் வருஷமே விலை உயர்ந்ததை வாங்கியவர்களும் இருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஐடியில் வேலை கிடைத்தால் கம்பெனியே லேப்டாப் கொடுத்துவிடும். ஆக நீ வாங்கப்போகும் மெஷின் உனக்கு நிஜமாக உழைக்க வேண்டியது ஒன்று, ஒன்றரை வருஷம். அதற்கு 58,000 சரியா என்று பார்.

மணி அண்ணா சொன்ன லினக்ஸில் ஒரு ஓட்டை உண்டு. ஆன்லைன் கண்காணிப்போடு நடக்கும் தேர்வுகளுக்கான மென்பொருள் பல லினக்ஸில் வராது. சேஃப் எக்ஸாம் பிரவுசருக்கு விண்டோஸ் உண்டு, மேக் உண்டு, லினக்ஸ் கிடையாது. அதனால் விண்டோஸை முழுக்க அழித்துவிடாதே, ஒரு பக்கம் இருக்கட்டும். வெப்கேமும் மைக்கும் வேலை செய்கிறதா என்று இப்போதே பார்த்து வை. தேர்வுக்கு முந்தைய நாள் ராத்திரி பார்க்கிற விஷயம் இல்லை அது.

கரிசல்பையன்
அக்கா, வெப்கேம் வேலை செய்கிறது, ஆனால் முகம் ஏதோ பனி மூட்டத்தில் இருப்பது போல வருகிறது. அப்புறம் ஆண்ட்ராய்டு லேப்பும் மெஷின் லேர்னிங்கும்? அதற்கு இந்த ஐ3 தாங்குமா?

ஈசிஇ_அக்கா
லென்ஸைத் துடைத்தாயா முதலில்?

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் கனமானது எமுலேட்டர்தான், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் போலிப் போன். எமுலேட்டரோடு ஓட்ட 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. ஆனால் உன் கையில் போன் இருக்கிறதே, யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து ஆப்பை நேராகப் போனில் ஓட்டு. காலி ஸ்லாட்டில் 8 ஜிபி போட்டால் வரும் 12 ஜிபி ராமோடு, எமுலேட்டர் இல்லாமல், லேப் பயிற்சி அளவுக்கு ஓடும். பில்ட் ஆக நேரம் எடுக்கும்தான், அந்த நேரத்தில் ரெக்கார்டு எழுது. மெஷின் லேர்னிங்குக்கு 58,000 ரூபாய் லேப்டாப்பில் வரும் கிராஃபிக்ஸ் கார்டை நம்பியும் பெரிதாக ஒன்றும் ஆகாது. கூகுள் கோலாபில் இலவசமாகவே ஜிபியூ கிடைக்கும், எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, பாடத்துக்குப் போதும். உனக்கு அதற்குத் தேவைப்படுவது நல்ல நெட்.

பேரிங்_மச்சான்
ஒரு நிமிஷம். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்கு இதெல்லாம் சரி. இந்த இழையைப் படித்துவிட்டு மெக்கானிக்கல் பசங்க யாரும் பழைய ஐ3-க்கு எஸ்எஸ்டி போட்டுவிடாதீர்கள். 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் பிளஸ் டூவில் கிடைத்ததை வைத்துத்தான் நானும் முதல் இரண்டு வருஷம் ஓட்டினேன். எஸ்எஸ்டி போட்டேன், ராம் ஏற்றினேன், ஆட்டோகேடில் 2டி வரைகிறவரை கெத்தாகத்தான் இருந்தது. 3டி டிசைன் மென்பொருளான சாலிட்வொர்க்ஸில் நாற்பது பாகம் உள்ள அசெம்ப்ளியைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. மாடலைச் சுற்றிப் பார்க்க மவுஸை இழுத்தால் படம் ஒவ்வொரு துண்டாக வந்து சேரும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 3 சதவீதம், சிபியூ 100. அங்கே எஸ்எஸ்டி ஒன்றும் செய்யாது. சாலிட்வொர்க்ஸ் 16 ஜிபி ராம் கேட்கிறது, நல்ல கிராஃபிக்ஸும் வேண்டும். பெரும்பாலான லேப்டாப்பில் ப்ராசஸரையும் கிராஃபிக்ஸையும் மாற்ற முடியாது, போர்டோடு ஒட்டியது.

மணி அண்ணன் சொன்ன டாஸ்க் மேனேஜர் சோதனையே எங்களுக்கும் போதும். முட்டுவது டிஸ்க்கும் ராமும் என்றால் மாற்றலாம், சிபியூவும் ஜிபியூவும் என்றால் புது மெஷின். ஆனால் பாகம் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடும் ஆன்சிஸுக்கு என்று லட்ச ரூபாய் லேப்டாப் கேட்டு வீட்டில் அழாதீர்கள். இலவச மாணவர் பதிப்பில் கணக்கின் அளவுக்கே வரம்பு வைத்திருக்கிறார்கள், அந்த வரம்புக்குள் நடுத்தர லேப்டாப்பே ஓட்டிவிடும். அதைத் தாண்டியதற்குக் காலேஜ் லேப் இருக்கிறது. மேக்புக் வாங்கலாமா என்றும் ஜூனியர்கள் கேட்கிறார்கள். சாலிட்வொர்க்ஸ் மேக்கில் நேராக ஓடாது, அதோடு முடிந்தது.

மகள்_பிகாம்
நான் மாணவன் இல்லை, ஒரு மாணவியின் அப்பா. மகள் பி.காம் சேர்ந்திருக்கிறாள். அவளுடைய மாமா கொடுத்த பழைய லேப்டாப், ஐ5 6-ஆம் தலைமுறை, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி ஏற்கெனவே இருக்கிறது. கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லாம் புதிது வைத்திருக்கிறார்களாம். ஜீரோ வட்டி இஎம்ஐ என்று விளம்பரம் வருகிறதே, எடுக்கலாமா?

சோல்டர்மணி
சார், டேலிக்கும் எக்ஸலுக்கும் அது தாராளம். பேட்டரியை மட்டும் பாருங்கள். டச்பேட் அழுத்தினால் கட்டியாக இருக்கிறதா, லேப்டாப்பை மேஜையில் வைத்தால் தட்டையாக உட்காராமல் ஆடுகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது, உடனே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு மாற்றுங்கள், அது தீப்பிடிக்கக்கூடிய விஷயம். மற்றபடி இஎம்ஐ எடுக்கும் முன் ப்ராசஸிங் ஃபீஸ் எவ்வளவு, மொத்தமாகப் பணம் கொடுத்தால் விலை குறையுமா என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் வட்டி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

டர்போதம்பி
நடுவில் இன்னொரு வழியும் இருக்கிறதே? ரீஃபர்பிஷ்டு. கம்பெனிகள் கழித்த திங்க்பேட், லேட்டிடியூட், எலைட்புக் எல்லாம் புது லேப்டாப் விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கிறது. 8-ஆம் தலைமுறை என்றால் விண்டோஸ் 11-ம் முறையாக ஏறும். புதிதே வாங்கு என்று சொன்ன நானே சொல்கிறேன், 58,000 அதிகம் என்றால் இதைப் பார்க்கலாம்.

சோல்டர்மணி
இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன், கவனமாக வாங்கினால். சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் உங்கள் ஊர்க் கடையாக இருந்தாலும் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே இதையெல்லாம் செய்யுங்கள். மாடல் பெயரை நம்பாதீர்கள், சிபியூ எண்ணைப் பாருங்கள்: ஐ5-க்குப் பின்னால் 8250 அல்லது 8350 போல 8-இல் தொடங்க வேண்டும். ஆஃப் செய்து ஆன் செய்து, விண்டோஸ் வருவதற்கு முன் வரும் போர்டின் செட்டிங்ஸான பயாஸுக்குள் போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள், "அது ஒன்றுமில்லை சார், அப்புறம் எடுத்துத் தருகிறோம்" என்பார்கள், எடுத்துத் தர மாட்டார்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்டு நெட்டோடு இணைக்கச் சொல்லுங்கள். அப்போது ஏதோ ஒரு கம்பெனியின் பெயரோடு லாகின் பக்கம் வந்தால் அந்த மெஷின் இன்னும் அந்தக் கம்பெனியின் பதிவில் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஒரு பென்டிரைவை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு போர்ட்டிலும் செருகிப் பாருங்கள், நோட்பேடைத் திறந்து எல்லா எழுத்தையும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள், வெள்ளைத் திரையை வைத்து ஓரங்களில் வெளுத்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே இருக்கிறது, புதிதாக இருந்தபோது எவ்வளவு தாங்கியது, இப்போது முழு சார்ஜில் எவ்வளவு என்று இரண்டு எண் வரும். பாதிக்குக் கீழே என்றால் பேட்டரி விலையைக் கழித்துக் கேளுங்கள்.

கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

ஈசிஇ_அக்கா
புதிதாக வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. ராம் விலை இப்படி இருக்கும்போது மெல்லிசான மாடல்களில் 8 ஜிபியைப் போர்டிலேயே ஒட்டி விற்கிறார்கள், ஸ்லாட்டே இருக்காது. அதை வாங்கினால் நாலு வருஷமும் அதே 8 ஜிபிதான். ஒரு ஸ்லாட்டாவது காலியாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் 16 ஜிபியாகவே எடுங்கள்.

கரிசல்பையன்
எல்லாருக்கும் நன்றி. என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

அப்பாவிடம் சீட்டை இப்போது எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதலில் நம்பவில்லை, நான் ஏதோ அவருக்காக விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டி, அந்த 100 என்ன என்று விளக்கிய பிறகுதான் சரி என்றார். வேறு ஒரு கடையில் 256 ஜிபி எஸ்எஸ்டியும் 8 ஜிபி டிடிஆர்3எல் குச்சியும் வாங்கினேன், இரண்டும் சேர்த்து ஆறாயிரத்துக்குள் முடிந்தது. நானே மாட்டினேன். விண்டோஸ் 10-ஐப் புதிதாகப் போட்டேன், கீ எதுவும் கேட்காமல் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிட்டது. இப்போது ஆன் பண்ணினால் பிரஷ்ஷில் பேஸ்ட் வைப்பதற்குள் டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. விஎஸ் கோடும் குரோமும் சேர்ந்து ஓடும்போது டிஸ்க் 2, மெமரி 45. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் முதல் பில்ட் மட்டும் ரொம்ப நேரம் எடுத்தது, இரண்டாவதிலிருந்து பரவாயில்லை. ஆறாவது செமஸ்டர் முடியும்போது ரீஃபர்பிஷ்டு 8-ஆம் தலைமுறை ஒன்றைப் பார்க்கப்போகிறேன். இது தங்கைக்குப் போகும்.

ஒரே ஒரு சந்தேகம். பழைய ஹார்டு டிஸ்க்கில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ நீலம்தான் காட்டுகிறது. டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை மாட்டலாம் என்கிறார்களே, செய்யலாமா?

சோல்டர்மணி
செய்யலாம். டிவிடி டிரைவ் இடத்தில் ஹார்டு டிஸ்க்கைப் பொருத்தும் சட்டம் ஒன்று இருக்கிறது, கேடி (caddy) என்று கேட்டால் தருவார்கள். 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமனில் வரும், டிவிடி டிரைவைக் கழற்றி அளந்துவிட்டு வாங்குங்கள். பழைய டிரைவின் முன்பக்க பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி இதில் மாட்டிக்கொள்ளலாம், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் பாடமும் படமும் வைத்துக்கொள்ளுங்கள், ப்ராஜெக்ட் வேண்டாம். நீலம் காட்டினாலும் அதற்கு வயசு பத்து.

டர்போதம்பி
கேம் ஓடுகிறதா?

கரிசல்பையன்
செஸ் ஓடுகிறது ப்ரோ.